முதலில் காற்றைக் கேளுங்கள்: கையடக்க ரெக்கார்டர் வாங்கப் போகிறவர்களுக்கு

முட்டம் கடற்கரையில் ஒரு பெரியவர் எனக்குக் காற்றுகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். வாடை, கொண்டல், கச்சான் என்று ஒவ்வொன்றாக எடுத்து, எது எப்போது எழும், எதை நம்பித் தொழிலுக்குப் போகலாம், எது வந்தால் வள்ளத்தைக் கரையேற்றிவிட வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். 50 நிமிடம் பேசினார். என் கையில் புதிதாக வாங்கிய ரெக்கார்டர். சிவப்பு விளக்கு எரிந்தது, நொடிகள் ஓடின, எல்லாம் சரியாகப் பதிவாகிறது என்று நம்பினேன். நாகர்கோவிலுக்குத் திரும்பி வந்து போட்டுக் கேட்டால், துணி கிழிபடுவதுபோல ஒரே படபடப்பு. அவர் குரல் அதற்கு அடியில் எங்கேயோ கிடந்தது. ஆனி மாதத்துக் கச்சான் நேராக மைக்கில் அடித்திருந்தது.

மறுபடியும் போய்க் கேட்டேன். “அதான் அன்னைக்கே சொன்னேனே மக்களே” என்றார். மறுக்கவில்லை, சொன்னார். ஆனால் இரண்டாம் முறை சொல்லும்போது பேச்சு சுருங்கிவிட்டது. முதல் நாள் தானாக வந்த இரண்டு மூன்று சம்பவங்கள் மறுநாள் வரவே இல்லை.

அதனால்தான் கல்லூரிப் பிள்ளைகள் யாராவது வந்து “எந்த ரெக்கார்டர்க்கா வாங்கலாம்?” என்று கேட்டால், நான் உடனே மாடல் பெயர் சொல்வதில்லை. எதைப் பதியப் போகிறாய், எங்கே நின்று பதியப் போகிறாய் என்று கேட்கிறேன். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்துவிட்டால், பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எண்களில் முக்கால்வாசி நமக்குத் தேவையில்லை.

காற்று, நம் மாவட்டத்தின் முதல் கேள்வி

வேறு ஊர்க்காரர்களுக்குக் காற்றுத் தடுப்பு ஒரு கூடுதல் சாமானாக இருக்கலாம். கன்னியாகுமரி மாவட்டத்தில் அது ரெக்கார்டரின் பாதி. மூன்று பக்கமும் கடல் என்றே சொல்லிவிடக்கூடிய முனை ஒருபுறம். மறுபுறம் மலைக்கு இடையில் திறந்து கிடக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாய். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் கணவாய்க் காற்றுக்காகத்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பறக்கிற அம்மிக்கு முன்னால் ஒரு மைக் சவ்வு எம்மாத்திரம்?

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். நம் காதில் காற்றின் சத்தம் இதமாகக் கேட்கும்போதுகூட ரெக்கார்டரில் அது இடி முழக்கமாக விழும். காரணம், அது மைக்கைத் தேடி வந்து சேர்கிற ஒலி அல்ல. ஓடுகிற காற்று மைக்கின் விளிம்பில் மோதி, சுழன்று, அந்த மெல்லிய சவ்வையே பிடித்து உலுக்குகிறது. அப்படி உலுக்கப்பட்ட நேரத்தில் அந்தச் சவ்வால் வேறு எதையும் ஒழுங்காகக் கேட்க முடியாது. பிறகு கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எவ்வளவு வடிகட்டினாலும், பதிவாகாத குரல் திரும்பி வராது.

பெட்டியோடு வரும் கறுப்பு நுரைத் தொப்பி வீட்டுக்குள் மின்விசிறிக் காற்றுக்குச் சரி. பேசுகிறவரின் மூச்சு படாமலும் காக்கும். கடற்கரைக்கு அது போதாது. ரோமம் வைத்த உறை வேண்டும். கடைகளில் ‘டெட் கேட்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். நீளமான ரோமங்கள் வேகமாக வரும் காற்றை மேற்பரப்பிலேயே தளர்த்திவிடுகின்றன. உள்ளே மைக்கைச் சுற்றி அசையாத காற்று கொஞ்சம் தேங்கி நிற்கிறது. ஒலி அலை அந்தத் தேங்கிய காற்று வழியாகத் தடையில்லாமல் உள்ளே போய்விடும். ஆகவே ஒரு ரெக்கார்டரைப் பிடித்துப்போனால், அதற்கு அளவான ரோம உறை கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். தலை அகலமான, விசித்திரமான வடிவமுள்ள கருவிகளுக்குச் சில சமயம் பொருத்தமான உறையே கிடைக்காது.

பெரும்பாலான ரெக்கார்டர்களில் ‘லோ கட்’ என்று ஒரு வசதி இருக்கும். 80 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 80 அதிர்வு) போன்ற ஓர் அளவுக்குக் கீழே உள்ள அடித்தொனியை அது குறைக்கும். பேச்சுப் பதிவுக்கு அதைப் போட்டு வைப்பது நல்லது. லாரி உறுமல், தூரத்து ஜெனரேட்டர் எல்லாம் கொஞ்சம் அடங்கும். அதை நம்பி உறையில்லாமல் போகக் கூடாது. உறை வாங்கவே வழியில்லை என்றால், கரையேற்றி வைத்த வள்ளத்தின் மறைவிலோ, சுவர் ஓரத்திலோ உட்கார்ந்து, காற்றுக்கு உங்கள் முதுகைக் கொடுங்கள்.

மைக் எந்தப் பக்கம் பார்க்கிறது

கையடக்க ரெக்கார்டரின் தலையில் இரண்டு சின்ன மைக்குகள் இருக்கும். அவை இரண்டு வகை. ஒன்று, எல்லாத் திசையிலிருந்தும் ஒரே மாதிரி கேட்கும், ஆம்னி என்பார்கள். மற்றது, முன்பக்கம் வருவதை நன்றாகவும் பின்பக்கம் வருவதைக் குறைவாகவும் கேட்கும். கார்டியாய்டு என்று பெயர். கார்டியாய்டு மைக்குகள் இரண்டையும் ஒன்றுக்கொன்று குறுக்காக 90 டிகிரி சாய்த்து வைத்திருந்தால் அது எக்ஸ்-ஒய் அமைப்பு. ஜூம் நிறுவனத்தின் எச்1என் கருவியைப் படத்தில் பார்த்தால் இந்தக் குறுக்கு அமைப்பு தெளிவாகத் தெரியும். டாஸ்காமின் டிஆர்-05எக்ஸ் ஆம்னி வகை. அதே நிறுவனத்தின் டிஆர்-07எக்ஸ் மைக்குகளைக் குறுக்காகவும் விரித்தும் திருப்பிக்கொள்ளலாம்.

திசை பார்த்துக் கேட்கும் மைக்தான் உயர்ந்தது என்று புதிதாக வாங்குகிறவர்கள் நினைப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காற்றுக்கும், கையில் பிடிக்கும்போது வருகிற உரசல் சத்தத்துக்கும் ஆம்னி மைக் குறைவாகவே கலங்கும். முற்றத்தில் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து பேசும்போது, ஒருவர் பக்கவாட்டில் இருந்தாலும் அவரை விட்டுவிடாது. கடற்கரையில் பேச்சுப் பதிவு செய்கிறவருக்கு நான் ஆம்னியைத்தான் சொல்வேன். ஊர்க் கோவில் திருவிழாவான கொடைவிழாவின் பந்தலில், பின்னால் குழாய் ஸ்பீக்கர் அலறும் இடத்தில், கார்டியாய்டுதான் உதவும்: முகத்தைப் பாட்டுக்கும் முதுகை ஸ்பீக்கருக்கும் காட்டலாம்.

எந்த மைக்காக இருந்தாலும், அது எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் (ஒலி அளவின் அலகு) குறையும். வாயிலிருந்து 20 சென்டிமீட்டரில் இருந்த கருவியை 160 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால் மூன்று முறை இரு மடங்காகிறது. 18 டெசிபல் போய்விட்டது. சுற்றுச் சத்தமோ அப்படியே இருக்கிறது. ஒரு பாட்டி மெல்லிய குரலில் பேசுகிறார், நீங்கள் மரியாதைக்காக ரெக்கார்டரை மேசையின் மறுகோடியில் வைத்துவிட்டீர்கள் என்றால், பதிவில் அடுக்களை மிக்ஸியும் வெளியே போகிற ஆட்டோவும்தான் முன்னால் நிற்கும். சொல்லிவிட்டு அருகில் வையுங்கள். இரண்டு சாண் தூரத்துக்குள், வாய்க்கு நேரே இல்லாமல் சற்றே பக்கவாட்டில் அல்லது நெஞ்சு உயரத்தில் இருந்தால் ‘ப’ வருகிற இடத்தில் மூச்சு வெடிக்காது. வெறும் மேசையில் வைக்காமல், துவர்த்தை (துண்டை) நாலாக மடித்து அதன்மேல் வைத்தால் மேசையைத் தட்டுகிற சத்தம் ஏறாது.

அறையும் முக்கியம். டைல்ஸ் போட்ட புதிய கான்கிரீட் வீடுகளில் குரல் சுவரில் பட்டுத் திரும்பித் திரும்பி வந்து கலங்கும். பழைய ஓட்டு வீட்டில், மரத் தட்டுக்குக் கீழே, துணிமணியும் கட்டிலும் நிறைந்த அறையில் அதே குரல் எவ்வளவு சுத்தமாக விழுகிறது என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். விலை உயர்ந்த கருவியை வாங்குவதைவிட வீட்டுக்குள் நல்ல அறையைத் தேர்ந்தெடுப்பது மிச்சம்.

எண்கள் என்ன சொல்கின்றன

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். மைக்கின் சவ்வு அதற்கேற்ப அசைகிறது, அசைவு மின்சாரமாகிறது, ரெக்கார்டர் அந்த மின்சாரத்தைப் பெருக்கி, அளந்து, எண்களாக எழுதிக்கொள்கிறது. கிணற்றுத் தண்ணீர் ஏறி இறங்குவதை ஒரு கழியை இறக்கி அளந்து நோட்டில் குறிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தடவை இறக்கிப் பார்க்கிறோம் என்பதுதான் சாம்பிள் ரேட். கழியில் கோடுகள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்பதுதான் பிட்.

48 கிலோஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 48,000 தடவை அளக்கிறது. நல்ல இளம் காதுக்குக்கூடச் சுமார் 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்காது. அந்த அளவைப் பிடிக்க அதன் இரு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும் என்பது கணக்கு. அதனால்தான் சிடிக்கு 44.1 என்றும் வீடியோவுக்கு 48 என்றும் வைத்தார்கள். பெட்டியில் 96 என்று பெரிதாகப் போட்டிருந்தால் அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. வௌவால் ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத்தான் அதுவும் அதற்கு மேலும் வேண்டும். பேச்சுக்கும் பாட்டுக்கும் 48 போட்டுவிட்டு மறந்துவிடலாம்.

பிட் கணக்கு அப்படியல்ல, அது கைக்கு உதவுகிற கணக்கு. 16 பிட்டில் மிக மெல்லிய ஒலிக்கும் மிகப் பெரிய ஒலிக்கும் நடுவில் சுமார் 96 டெசிபல் இடம் இருக்கிறது. 24 பிட்டில் கணக்குப்படி 144. நடைமுறையில் எந்தச் சின்னக் கருவியும் அந்த 144-ஐ எட்டாது, அதன் உள்ளிரைச்சல் அதற்கு முன்பே குறுக்கே நிற்கும். ஆனாலும் 24 பிட்டில் பயம் குறைகிறது. பதிவாகும் ஒலியின் அளவை, அதாவது லெவலை, சற்றுக் குறைவாக வைத்துப் பதிந்துவிட்டு, வீட்டுக்கு வந்து உயர்த்திக்கொள்ளலாம்.

ஏன் குறைவாக வைக்க வேண்டும்? ரெக்கார்டர் திரையில் ஆடுகிற மீட்டரின் உச்சி 0. அதற்கு மேல் எழுத எண்ணே கிடையாது. ஒலி அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டப்பட்டுவிடும். மைக் செட்காரர்கள் ‘கிளிப் ஆகுது’ என்பது இதைத்தான். வெட்டுப்பட்ட இடத்தில் குரல் கரகரவென்று உடையும்; அதை ஒட்டுவது மிகக் கடினம். பேசுகிறவர் உணர்ச்சிவசப்பட்டு உரக்கச் சொல்லும் இடத்திலும் மீட்டர் -12-ஐ ஒட்டி நிற்கும்படி கெயினை, அதாவது கருவி ஒலியைப் பெருக்கும் அளவை, வைத்தால் நிம்மதி.

இப்போது 32 பிட் ஃப்ளோட் என்று ஒன்று வந்திருக்கிறது. கிணற்று உவமையில் சொன்னால், தண்ணீர் எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும் தானே நீண்டு சுருங்கும் கழி. 2024-இல் வந்த ஜூம் எச்1 எசென்ஷியல் இதில் மட்டுமே பதியும்; கெயின் வைக்கும் வேலையே இல்லை. பதிவு சிறியதாக விழுந்தாலும் பெரியதாக விழுந்தாலும் பிறகு சரிசெய்துகொள்ளலாம். புதியவர்களுக்கு இது உண்மையிலேயே பெரிய உதவி. ஆனால் இதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. மைக்கே தாங்காத சத்தத்தை இது சரிசெய்யாது. தூரத்தில் வைத்ததைப் பக்கத்தில் கொண்டுவராது. காற்று அடித்த பதிவை மீட்டுத் தராது. எண்களுக்கு இடம் பெருகியிருக்கிறது, அவ்வளவுதான். முட்டத்தில் அன்று என்னிடம் இந்தக் கருவி இருந்திருந்தாலும் உறை இல்லாமல் அதே கதிதான்.

கார்டு கணக்கு எளிது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ வேவ் கோப்பாக (சுருக்காத ஒலிக்கோப்பு) பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி. 32 ஜிபி கார்டில் 30 மணி நேரம் பிடிக்கும். 32 பிட் ஃப்ளோட்டில் மணிக்குச் சுமார் 1.4 ஜிபி. எம்பி3-யில் 128 என்று வைத்தால் மணிக்கு 60 எம்பிக்கும் குறைவு. ஆனால் எம்பி3 காதுக்கு எட்டாது என்று தான் நினைப்பதையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டுச் சுருக்குகிறது, எறிந்தது எறிந்ததுதான். ஊர்ப் பேச்சை, பாட்டை, வருங்காலத்துக்கு வைக்கிற எதையும் வேவ் கோப்பாகவே பதியுங்கள். கார்டு இப்போது கருவியின் விலையோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நீண்ட பதிவில் கருவியே கோப்பை இரண்டு மூன்றாக உடைத்து வைத்திருந்தால் பதற வேண்டாம், அது கார்டு அமைப்பின் அளவு வரம்பினால் வருவது. துண்டுகளை வரிசையாக ஒட்டினால் இடைவெளி இருக்காது.

வில்லுப்பாட்டுக்குப் போகிறவருக்கு

நம் மாவட்டத்தில் ரெக்கார்டர் வாங்குகிற பலர் மனதில் கொடைவிழாவும் வில்லுப்பாட்டும் இருக்கும். பதிவதற்கு மிகக் கடினமான கலைகளில் ஒன்று அது. நடுவில் வில்லோடு பாடுகிறவர். வீசுகோல் நாணில் விழும்போது வில்லில் கட்டிய மணிகள் எல்லாம் சேர்ந்து சிலிர்க்கும். பக்கத்தில் குடம் அடிவயிற்றிலிருந்து கும்மென்று எழும். உடுக்கு, தாளம், கட்டை, பின்பாட்டு. மெல்லிய வசனம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குடத்தின் அடி விழும். கெயினைத் தானாக மாற்றிக்கொள்ளும் ‘ஆட்டோ லெவல்’ வசதியைப் போட்டுவிட்டால், குடம் விழுந்ததும் கருவி மிரண்டு எல்லாவற்றையும் இறக்கும்; பிறகு மெல்ல ஏற்றும். பாட்டு மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பேச்சுக்கு அது பரவாயில்லை, பாட்டுக்குக் கூடாது. அணைத்துவிடுங்கள்.

இங்கேதான் ரெக்கார்டரில் எக்ஸ்எல்ஆர் துளைகள் இருக்கின்றனவா என்ற கேள்வி வருகிறது. மேடை மைக்குகளின் மூன்று முள் தடித்த ஒயர் செருகும் இடம் அது. டாஸ்காம் டிஆர்-40எக்ஸ், ஜூம் எச்4 எசென்ஷியல் போன்றவற்றில் இரண்டு உண்டு. எச்6 எசென்ஷியலில் நான்கு. அப்படிப்பட்ட கருவியாக இருந்தால், தலையில் உள்ள மைக்குகளால் பந்தலின் மொத்த ஒலியையும், ஒயர் வழியாக மைக் செட்காரரின் மிக்சரிலிருந்து (மேடை மைக்குகளின் ஒலியைக் கலக்கும் பெட்டி) வருகிற சுத்தமான குரலையும் ஒரே நேரத்தில் தனித்தனித் தடங்களில் பதியலாம். பிறகு இரண்டையும் கலந்தால் குரலும் தெளிவாக இருக்கும், கொடையும் கொடையாக இருக்கும். மிக்சரிலிருந்து வருவது ‘லைன்’ அளவு, வலுவானது. ரெக்கார்டரில் ‘மைக்’ என்று வைத்துச் செருகினால் முதல் அடியிலேயே உடையும். ‘லைன்’ என்று மாற்றிவிட்டுச் செருகுங்கள். ரெக்கார்டரைப் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள். சார்ஜரையும் மிக்சரையும் ஒரே நேரத்தில் இணைத்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ‘ம்ம்ம்’ என்ற முனகல் இரவு முழுவதும் பதிவில் ஏறி உட்கார்ந்துவிட வாய்ப்பு உண்டு.

மைக் செட்காரரிடம் முன்கூட்டியே பேசி வைப்பது எந்தக் கருவியைவிடவும் பெரியது. பாடல் தொடங்கிய பிறகு ஒயரோடு போய் நின்றால் யார்தான் கொடுப்பார்கள்? சாயங்காலமே போய், “அண்ணே, ஒரு லைன் தருவியளா?” என்று கேட்டு, அப்போதே செருகிப் பார்த்துவிடுங்கள். கொடை நடத்துகிறவர்களிடமும் வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவரான அண்ணாவியிடமும் அனுமதி கேட்பது அதற்கும் முன்னால். சாமி வந்து இறங்குகிற கட்டத்தைப் பதிய வேண்டாம் என்று சொன்னால், நிறுத்து பொத்தானை அமுக்கிவிட்டு அவர்கள் பார்க்கும்படி கருவியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

மெல்லிய ஒலிகள்

சுசீந்திரம் தேரூர் குளங்களில் விடியற்காலையில் பறவைகளைப் பதிய ஆசைப்படுகிறவர்களும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்த ஈரநிலம் அது. பேச்சிப்பாறைப் பக்கம் காணிக்காரப் பழங்குடியினரின் கொக்கரை என்ற இசைக்கருவியின் ஒலியையும் பாட்டையும் பதியப் போகிறவர்களும் உண்டு. பாட்டு வேறு, பறவை வேறு. பறவைக்குச் சின்ன ரெக்கார்டர்கள் தோற்கும் இடம் உள்ளிரைச்சல். ஒன்றுமே பதியாதபோதும் ‘ஸ்ஸ்ஸ்’ என்று கேட்கிறதே, அது கருவி தானே உண்டாக்கும் சத்தம். வில்லுப்பாட்டில் அது தெரியவே தெரியாது. தூரத்து நாரையில் அதுதான் முழுக்கத் தெரியும். இதற்கு நல்ல வெளி மைக்கும், இரைச்சல் குறைந்த ரெக்கார்டரும் வேண்டும். ஜூம் எஃப்3 அந்த வகை. ஆனால் அதில் மைக்கே கிடையாது, வெளி மைக்கைச் செருகினால்தான் வேலை செய்யும். மைக்குக்குக் கருவியிலிருந்தே 48 வோல்ட் போகிறதா என்று பார்க்க வேண்டும். அதை ஃபேன்டம் பவர் என்பார்கள். முதல் கருவியாக இதை வாங்குவதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

உள்ளிரைச்சலைக் கடையிலேயே ஓரளவு சோதிக்கலாம். கெயினை முக்கால் அளவுக்கு வைத்து, மைக்கைத் துணியால் நன்றாகச் சுற்றி அரை நிமிடம் பதிந்து, ஹெட்போனில் கேளுங்கள். இரண்டு கருவிகளை அடுத்தடுத்துக் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

போன் போதாதா?

சில வேலைக்குப் போதும். வகுப்புக் குறிப்பு, கூட்டம், அமைதியான அறையில் ஒருவர் பேச்சு என்றால் போனை அருகில் வைத்து, ஃப்ளைட் மோடுக்கு மாற்றிவிட்டுப் பதியுங்கள். பணத்தைச் செலவழிக்க வேண்டாம். பேச்சை மட்டும் குறித்துக்கொள்ள வேண்டிய நிருபருக்கோ ஆய்வாளருக்கோ சோனி ஐசிடி-பிஎக்ஸ்470 போன்ற சின்ன வாய்ஸ் ரெக்கார்டரும் போதும். போன், பேச்சை மட்டும் முன்னிறுத்தி மற்றதை இரைச்சல் என்று அமுக்கப் பழக்கப்பட்டது. அலையோசையும் மணியோசையும் அதற்குக் குப்பை. அதைவிட, பதிவின் நடுவில் ஓர் அழைப்பு வந்து நிறுத்திவிட்டால், எதிரில் இருப்பவரிடம் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்று கேட்க வேண்டி வரும். அந்தக் கேள்வியின் விலை எனக்குத் தெரியும்.

ரெக்கார்டர் பக்கத்தில் போனை வைக்காதீர்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சிக்னல் தேடும்போது ‘டிக்டிக் டிர்ர்’ என்று பதிவில் ஏறும்.

என் தீர்ப்பு

பாட்டா பாட்டிகளின் பேச்சு, கடற்கரைக் கதை, ஊர் வழக்கு இவற்றுக்காக முதன்முதலாக வாங்குகிறீர்கள் என்றால் டிஆர்-05எக்ஸ் அல்லது எச்1 எசென்ஷியல் இரண்டில் ஒன்று. கெயின் வைத்துப் பழகும் பொறுமை உள்ளவருக்கு முன்னது. அதன் ஆம்னி மைக்கும், எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் இரண்டு டபுள்-ஏ பேட்டரியில் ஓடுவதும் எனக்குப் பிடிக்கும். லெவலைப் பார்க்க நேரமில்லாமல் ஒற்றையாளாகப் பேட்டியும் எடுத்துப் பதிவும் செய்கிறவருக்குப் பின்னது. அதற்குச் சின்ன டிரிபிள்-ஏ பேட்டரி இரண்டு வேண்டும். வில்லுப்பாட்டு, பஜனை, சவேரியார் கோவில் பாடகர் குழு என்று போகிறவர் எக்ஸ்எல்ஆர் உள்ளதை வாங்கட்டும்.

கையில் இருக்கும் பணம் முழுவதையும் கருவிக்கே கொடுத்துவிடாதீர்கள். ரோம உறை, காதை மூடும் ஹெட்போன், ஒரு சின்ன முக்காலி, மாற்றுக் கார்டு, மாற்றுப் பேட்டரி இவற்றுக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் கருவி பாருங்கள். இதில் ஹெட்போனை விடவே கூடாது. மீட்டர் ஆடுவது சத்தம் வருகிறது என்பதை மட்டும் சொல்லும். என்ன சத்தம் என்பதைக் காதுதான் சொல்லும். அன்று முட்டத்தில் என் மீட்டரும் நன்றாகத்தான் ஆடியது.

ரீசார்ஜ் பேட்டரி போடுகிறவர்கள் மெனுவில் பேட்டரி வகையை மாற்ற வேண்டும். சாதாரண அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் வகை 1.2 வோல்ட், மாற்றாவிட்டால் நிறைந்த பேட்டரியையே தீர்ந்துவிட்டதாகக் காட்டும். பவர்பேங்கில் ஓடுமா என்று பார்த்து வைத்துக்கொண்டால் இரவு முழுக்க நடக்கும் கொடைக்குக் கவலையில்லை.

நம் உப்புக் காற்று இந்தக் கருவிகளுக்கு எதிரி. கடற்கரையிலிருந்து வந்ததும் உலர்ந்த துணியால் துடைத்து, ரோம உறையை உதறி, மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளே கசிந்தால் தகடு அரித்துவிடும். பழையது வாங்குகிறவர்களும் முதலில் பேட்டரி அறையைத் திறந்து அந்தத் தகடுகளைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் வேண்டாம். பிறகு கெயின் பொத்தானைத் திருகிக்கொண்டே பதிந்து கேளுங்கள். கரகரத்தால் அதுவும் வேண்டாம். கார்டைச் செருகி எடுத்து இரண்டு முறை சோதியுங்கள்.

வாங்கி வந்ததும் தேதியும் நேரமும் சரியாக வையுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் நாள், ஊர், பேசுகிறவர் யார், பதிய அவர் சம்மதித்தாரா என்பதை வாயாலேயே சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் காணாமல் போகலாம். உள்ளே இருக்கும் குரல் போகாது.

அந்தப் பெரியவரின் இரண்டாவது பதிவை வள்ளத்தின் மறைவில் எடுத்தேன். ரோம உறை, ஒரு சாண் தூரம், காதில் ஹெட்போன். அவர் குரலுக்குப் பின்னால் அலை வந்து உடைவது கேட்கிறது, காற்று வீசுவதும் கேட்கிறது, எதுவும் குரலை மூடவில்லை. 22 நிமிடம், 380 எம்பி. கம்ப்யூட்டரில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, அவருடைய பேத்தியின் பென்டிரைவில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கிறது.